தோள் மூட்டு

“வெள்ளிக்கிழமை எங்களுக்கு லீவுங்க.”

“அன்னைக்குத்தாம்மா எங்க ஆண்டவருக்கு வேலையே! அதான் புதன்கிழமையே வண்டியோட வந்துட்டேன்.”

சொல்லிவிட்டுச் சிரித்தவர் சூசைமாணிக்கம். விக்கிரமங்கலத்துக்கு அப்பால் ஒரு சிற்றூர் மாதா கோயிலில் ஃபாதருக்கு உதவியாக இருக்கும் கோயில்பிள்ளை. லீவு என்றவள் நர்மதா. அரியலூரில் புதிதாகத் திறந்திருந்த சின்ன அருங்காட்சியகத்தின் காப்பாட்சியர். ஐப்பசி மழையில் கோயில் கூரை இறங்கியபோது, சிலுவையில் தொங்கும் இயேசுவின் பழைய மரச் சுரூபத்தை ஃபாதர் இங்கே ஒப்படைத்திருந்தார். பெரிய வெள்ளிக்கு மட்டும் ஊருக்குத் தர வேண்டும் என்று எழுதியும் வாங்கியிருந்தார். எதற்கு என்றுதான் நர்மதா கேட்கவில்லை.

“லைட்டெல்லாம் போட்டு மாப்பிள்ளை கணக்கா வச்சிருக்கீங்களே!”

“சிலுவையோட எப்படிங்க வண்டியில ஏத்துவீங்க?”

“சிலுவை எதுக்கும்மா? ஊருல வேற இருக்கு. பூசை முடிஞ்சதும் நான் ஏணியில ஏறி மூணு ஆணியையும் புடுங்குவேன். ரெண்டு கையும் தொபுக்குனு கீழ தொங்கும் பாருங்க, பொம்பளைங்க கதறிடுவாங்க. அப்புறம் கையை நெஞ்சுல மடக்கி, பாடையில படுக்க வச்சு ஊர் சுத்துவோம். எங்க வூட்டுச் சாவும்மா அது. தோள்ல ஆட்டுத்தோல் சுத்தியிருக்குமே, அதுக்குள்ளதான் மூட்டு.”

நர்மதா சட்டென்று சுரூபத்தின் தோளைப் பார்த்தாள். கிழிந்து தொங்கிய அந்தத் தோலை, யாரோ உடைசலுக்குப் போட்ட ஒட்டு என்றல்லவா நினைத்தாள்! அரும்பாவூரிலிருந்து நல்ல தச்சரை வரவழைத்து, தோலை உரித்து, இடுக்கில் மரத்தூளும் பசையும் அடைத்து, விரல் நீளத் திருகாணிகளை இறக்கி, வண்ணமும் பூசியாயிற்று. விரிசலே தெரியவில்லை என்று வந்தவர்கள் எல்லாம் மெச்சினார்கள். அவளும் அதில் குளிர்ந்துதான் போனாள். இனி அந்தக் கைகளை இறக்க வேண்டுமானால் அறுக்கத்தான் வேண்டும்.

சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தாள். அதற்குள் அவர், விளக்குக் கூச்சத்தில் தோளைக் கவனிக்காமலே மண்டியிட்டு, பாதத்துக்கு நேரே கண்ணாடிப் பேழையில் முத்தமிட்டார்.

“மாசியில எம் பொண்டாட்டி போனப்பகூட நான் அழுவலம்மா. பிள்ளைங்க பயந்துடும்ல. ஆண்டவரை இறக்குறப்ப ஊரோட சேந்து அழுதுக்கலாம்னு வச்சிருக்கேன்.”

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

“கண்ணாடிக் கதவைக் கொஞ்சம் தொறங்கம்மா. எண்ணெய் விடணுமான்னு ஒரு கையை மட்டும் மடக்கிப் பாத்துக்கறேன்.”