கட்டில் போகும், ஹேண்டில் போகாது

மாமனார் கட்டிலில் உட்கார்ந்த வாக்கிலேயே போய்ச் சேர்ந்திருந்தார். டீயோடு வந்த மருமகள் அதைக் கவனிக்கவில்லை. டம்ளரை ஜன்னல் விளிம்பில் வைத்து, ஆறிடும் மாமா என்று சொல்லிவிட்டு வாசல்வரை போனவள், என்னவோ போலிருக்கத் திரும்பி வந்து மூக்கடியில் விரலை வைத்துப் பார்த்தாள். புருஷனை எழுப்பினாள். அவர் வந்து அப்பாவின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தார். அழட்டும் என்று விட்டுவிட்டுச் சமையலறைக்குப் போய், ஆணியில் தொங்கிய கட்டில் ஹேண்டிலை எடுத்துவந்தாள். ஆட்கள் வருவதற்குள் மாமனாரைப் படுக்கவைத்தாக வேண்டும். உடம்பு விறைத்துவிட்டால் அப்புறம் யாராலும் முடியாது.

கட்டிலின் கால்மாட்டில் இருந்த துளையில் ஹேண்டிலைச் செருகிச் சுற்றினாள். கட்டில் வழக்கம்போல் கத்தியது. சுற்றச் சுற்ற முதுகுப்பக்கம் இறங்கி, மாமனார் மெல்ல மெல்ல மல்லாந்தார்.

வேறு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கட்டில் கத்துகிற நேரம் தெருவுக்குத் தெரியும்; இது அந்த நேரமில்லை. பக்கத்து வீட்டுப் பால்காரம்மா கறந்த பாலை அளக்காமல் அப்படியே வைத்துவிட்டு ஓடிவந்தாள். மற்ற நாளில் அவள் அளக்காமல் எதையும் கீழே வைத்தவள் இல்லை.

அந்தக் கட்டிலுக்கு ஒரு கதை உண்டு. மாமனார் பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்தவர். மாமியார் படுத்த படுக்கையானபோது, ஏதோ ஆஸ்பத்திரி கழித்துப்போட்ட இரும்புக் கட்டிலைத் தேடிப்பிடித்து வாங்கி, பற்றவைத்து, பெயிண்ட் அடித்து ஓடவைத்தார். மாமியார் போன பிறகு அது சும்மா நிற்கவில்லை. தெருவில் யார் இடுப்பை உடைத்துக்கொண்டாலும், யாருக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டாலும், கட்டில் அந்த வீட்டுக்குப் போகும். அதன் பின்னாலேயே ஊன்றுகோல், நடைவண்டி, கழிப்பறை நாற்காலி என்று ஒரு குடும்பமே சேர்ந்து, வீட்டின் முன்னறை ஆஸ்பத்திரிக் கிடங்காகிவிட்டது. மருமகளின் சித்தப்பா முதல்முறை வந்தபோது, நல்ல கைவைத்த நாற்காலி என்று நினைத்து அந்தக் கழிப்பறை நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து முறுக்கு தின்றுவிட்டுப் போனார். யாரும் அவரிடம் சொல்லவில்லை. இன்றுவரை அவருக்குத் தெரியாது.

இதில் தெரு வாய்விட்டுச் சிரித்த விஷயம் ஒன்று உண்டு. மாமனார் கட்டிலைக் கொடுப்பார், ஹேண்டிலைக் கொடுக்க மாட்டார். கேட்டால், தெரியாதவங்க சுத்தினா மரை போயிடும் என்பார். காலையிலும் சாயந்திரமும் ஹேண்டிலைத் தோளில் சாய்த்துக்கொண்டு அவரே போய், நோயாளியை ஏற்றி உட்கார வைத்து, கொஞ்ச நேரம் நாட்டுநடப்புப் பேசி, இறக்கிப் படுக்கவைத்துவிட்டு வருவார். யானையைக் கொடுத்துவிட்டு அங்குசத்தை மடியில் கட்டிக்கொள்கிற மனுஷன் என்றார்கள். 'ஹேண்டில்காரர்' என்ற பெயரே நிலைத்துவிட்டது. எதிரில் வரும்போது மட்டும் 'ஐயா'.

மருமகளுக்கு அந்தப் பெயர்மேல் வருத்தமில்லை. அவள் வருத்தமெல்லாம் முன்னறைமேல். அவள் ரவிக்கை தைப்பவள். கை சுத்தம், வாய்தான் சுத்தமில்லை என்று வாடிக்கைக்காரிகளே சொல்வார்கள். மெஷின் இருந்தது சமையலறை ஓரத்தில். அளவு கொடுக்க வருகிறவர்கள் தாளிப்புப் புகையில் கையைத் தூக்கிக்கொண்டு நின்று தும்முவார்கள். முன்னறையை அவள் டேப் வைத்து எத்தனையோ முறை அளந்திருக்கிறாள். இந்தச் சுவரில் ஆள் உயரக் கண்ணாடி, ஜன்னலோரம் மெஷின், வெளியே போர்டு. மாமனார் படுக்கையில் விழுந்ததும் புருஷனிடம் கறாராகச் சொல்லிவிட்டாள். அவர் காலத்துக்கப்புறம் ஒரே வண்டி. எல்லாச் சாமானும் முதியோர் இல்லத்துக்குப் போயாக வேண்டும். புருஷன் தலையாட்டினார். அவர் எதற்கும் தலையாட்டுவார். ஆனால் இந்தத் தடவை உண்மையிலேயே இல்லத்துக்குப் பேசியும் வைத்துவிட்டார்.

இப்போது அந்த முன்னறையில்தான் ஜனங்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். மாமனாரை பெஞ்சுக்கு மாற்றியாகிவிட்டது. கட்டில் சுவரோரம் வெறுமையாக நின்றது. வந்தவர்கள் முதலில் மாமனாரைப் பார்த்தார்கள், அப்புறம் கட்டிலைப் பார்த்தார்கள். இஸ்திரிக்கடைக்காரர் மட்டும் இரண்டையும் பார்க்காமல் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏன் என்று மருமகளுக்குத் தெரியும். அவருடைய அம்மா குழாயடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு போய், பாயில் கிடக்கிறாள். தூக்கி உட்கார வைக்க ஆள் பத்தாமல், கிழவி படுத்தபடியே கஞ்சி குடித்துப் புரையேறுகிறாள். போன வாரம் அவர் தயங்கித் தயங்கி வந்து கேட்டபோது மாமனார் கட்டிலில் இருந்தபடியே, "கொஞ்சம் பொறுடா. ஒண்ணு நான் எழுந்திருவேன், இல்ல எடுத்திருவாங்க. எப்படியும் கட்டில் உனக்குத்தான்" என்று சொல்லிச் சிரித்தார். அதைக் கேட்டதிலிருந்து இஸ்திரிக்காரர், சாவுக்குக் காத்திருந்த பாவி தான்தான் என்ற முகத்தோடு திரிந்தார்.

மதியத்துக்குமேல் மாமனாரை எடுத்துக்கொண்டு போனார்கள். ஆண்கள் திரும்பி வந்தபோது வீடு கழுவி ஈரமாக இருந்தது. இஸ்திரிக்காரரும் வந்தார், வந்து, அதே வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டார். பால்காரம்மாதான் பொறுக்கமாட்டாமல், அந்தக் கிழவி பாயில் கிடந்து படுகிறபாட்டை யாருக்கோ சொல்வதுபோல் சுவருக்குச் சொன்னாள்.

புருஷன் மூக்கைச் சிந்திக்கொண்டு எழுந்தார். அன்றைக்கு என்று அவருக்குத் தைரியம் வந்திருந்தது.

"எடுத்துட்டுப் போப்பா. ஹேண்டிலையும் சேர்த்தே எடுத்துக்க. திருப்பித் தர வேணாம். எங்களுக்கும் தொல்லை விட்டுது."

பிறகு மனைவியைப் பார்த்தார். அவள் கேட்டது இதைத்தானே. இல்லத்து வண்டிக்குப் பதில் இஸ்திரிக்காரர், அவ்வளவுதான் வித்தியாசம்.

மருமகளுக்குப் போன மழைக்காலம் ஞாபகம் வந்தது. மாமனாருக்குக் காய்ச்சல். பக்கத்துத் தெரு ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் வீட்டில் கட்டில் இருந்தது. மாமனார் ஹேண்டிலை இவளிடம் கொடுத்து அனுப்பினார். அடுப்பில் உலை இருந்ததால் இவள் விறுவிறுவென்று போய், திறந்திருந்த கதவைத் தள்ளிக்கொண்டு நேரே உள்ளே நுழைந்துவிட்டாள். ஹெட்மாஸ்டர் நனைந்த விரிப்பில் கிடந்தார். தண்ணீர்ச் சொம்பு எட்டாத தூரத்தில். முதுகில் புண். அந்த வீட்டு மகள் டிவியை நிறுத்திவிட்டு இவளைப் பார்த்த பார்வையை இவள் மறக்கவில்லை. வீட்டுக்கு வந்து மாமனாரிடம் கொதித்தாள்.

"செருப்பைத் தேச்சுக்கிட்டா போன?" என்று மட்டும் கேட்டார் அவர்.

"செருப்பா? அவளை நாலு கேள்வி கேட்டிருக்கணும் மாமா. உங்களுக்குக் காய்ச்சலாச்சேன்னு வந்துட்டேன்."

"கேட்டா கதவைச் சாத்திடுவாம்மா. தெருமுனையிலேருந்தே சத்தமா தேச்சுக்கிட்டுப் போகணும். விரிப்பு மாத்த அவங்களுக்கும் நேரம் குடுக்கணும்ல."

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வீட்டுக்குள் பூனைபோல் நடக்கிற மனுஷன் வாசல் தாண்டினதும் ஏன் அப்படிக் காலை இழுத்து இழுத்து நடக்கிறார் என்று. வயசு என்றே நினைத்திருந்தாள். ஹேண்டிலை ஏன் யாரிடமும் விடுவதில்லை என்பதும் புரிந்தது. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. வாய் சுத்தமில்லாதவள் என்று பெயர் வாங்கியவள், இதில் மட்டும் வாயைத் திறக்கவில்லை.

"என்ன யோசனை?" என்றார் புருஷன்.

"கட்டில் போகட்டும். ஹேண்டில் போகாது."

அறையில் சலசலப்பு. இஸ்திரிக்காரர் முதல்முறையாக நிமிர்ந்தார். "பரவால்லக்கா, நானே பாத்து மெதுவா சுத்திக்கறேன். இந்த நேரத்துல உங்களுக்கு எதுக்குச் சிரமம்?"

"தெரியாதவங்க சுத்தினா மரை போயிடும். நான் வந்து சுத்தறேன். காலைல ஒருவாட்டி, சாயந்திரம் ஒருவாட்டி."

"அப்ப அந்த வண்டி?" என்று இழுத்தார் புருஷன்.

"எதுக்கு வண்டி? கட்டில் ஊர் மேல இருக்கற வரைக்கும் ரூம் எனக்கு. மத்ததெல்லாம் பரண்ல ஏத்துங்க. அந்த நாற்காலியை மட்டும் நல்லா துணி போட்டு மூடுங்க, எங்க சித்தப்பா துக்கம் கேக்க வந்துட்டிருக்காரு."

துக்க வீட்டில் சிரிக்கக் கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். பால்காரம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மாமனாருக்குப் பிள்ளை தப்பினாலும் மருமகள் தப்பவில்லை என்று வெளியே போய்ச் சொன்னாள். பாராட்டாகச் சொன்னாளா, குத்தலாகச் சொன்னாளா என்று கேட்டவர்களால் தீர்மானிக்க முடியவில்லை.

கட்டிலைத் தெருவே சேர்ந்து தூக்கிக்கொண்டு போயிற்று. அது நின்ற இடத்தில் தரை வேறு நிறத்தில், நீளமாக, வெளுப்பாக இருந்தது. அவள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு புருஷனைக் கூப்பிட்டு, மெஷினை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து ஜன்னலோரம் போட்டாள். மாமனாரை எடுத்த ஈரம் காயவில்லை, அதற்குள் மெஷின் வந்துவிட்டது என்று தெரு அதையும் பேசியது. ஜன்னல் விளிம்பில் காலையில் வைத்த டீ ஆடை கட்டி அப்படியே இருந்தது. அதை மட்டும் அவள் நகர்த்தவில்லை.

வெயில் சாய்ந்ததும் எழுந்து முகம் கழுவினாள். சமையலறை ஆணியிலிருந்து ஹேண்டிலை எடுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டாள். நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. வாசலில் அவள் செருப்புக்குப் பக்கத்தில் மாமனாரின் செருப்பு கிடந்தது. யாரும் அதை எடுத்துவைக்கவில்லை. தன்னுடையதை மாட்டிக்கொண்டு இறங்கினாள்.

தெருவிளக்குகள் எரிய ஆரம்பித்திருந்தன. இஸ்திரிக்காரர் வீட்டில் இன்னும் விளக்கேற்றவில்லை. அவள் முதலில் வழக்கம்போல் விறுவிறுவென்றுதான் நடந்தாள். மூலை திரும்பியதும் நடையைத் தளர்த்தி, செருப்பைத் தரையோடு வைத்துச் சரக், சரக்கென்று இழுத்தாள். பழக்கமில்லாததால் ஒரு கால் பிசகியது. மறுபடி இழுத்தாள்.

அந்த வீட்டில் விளக்கு எரிந்தது. யாரோ விரிப்பை உதறும் சத்தம் கேட்டது. அவள் இன்னும் மெதுவாக நடந்தாள்.