சிவப்பு உறை, கறுப்பு உறை, ஏழாம் நம்பர் மலை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: கதை எழுத உட்காரவில்லை. இரண்டு சாமுராய் வீடியோ கேம்களை ஒப்பிட்டு, எது கடினம் என்று ஒரு பக்கம் எழுதக் கேட்டார்கள். எழுபத்து நாலு வயதில் இரண்டையும் ஆடி முடித்தவன் தலவாக்கலைப் பக்கம் நான் ஒருவன்தான். (ஆடவில்லை. அடுத்த லயத்து வீட்டு டிலுக்ஷி ஆடியதைப் பார்த்தேன்.) ஒன்றுக்குச் சிவப்பு உறை, மற்றதற்குக் கறுப்பு. ஜப்பான் பெயர்கள் என் வாயில் நிற்கவில்லை.

2

முதல் தொடக்கம்: சிவப்பில், எதிரியின் முன் அசையாமல் நின்று, வாள் வரும் நொடியில் வாளால் தட்ட வேண்டும். பின்வாங்கினால் அவனுக்குத் தெம்பு கூடும். கறுப்பில் எல்லாம் மூச்சுதான். அது தீருமுன் விலகி ஓட வேண்டும். ஆக, இரண்டில் கடினமானது

(விட்டுவிட்டேன். டிலுக்ஷி எதற்காக ஆடினாள் என்று சொல்லாமல் இதற்கு விடை கிடையாது.)

3

அவள் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறிக்கிறவள். மூன்று மாதத்துக்கு முன் ஏழாம் நம்பர் மலையில் குளவிக் கூடு கலைந்தது. அவள் ஓடினாள். பக்கத்து நிரையில் நின்ற ராக்காயிக்கு முழங்கால் கோளாறு, ஓட முடியவில்லை. கொட்டு வாங்கி, பதினொரு நாள் ஆஸ்பத்திரி. (அந்தக் குளவிகளில் ஒன்று பஸ் ஏறி, ஹட்டன் வரை நின்றுகொண்டே வந்தது. கண்டக்டர் டிக்கெட் கேட்கவில்லை. நான் பின் சீட்டில் இருந்தேன்.)

அதன்பின் டிலுக்ஷி மலை ஏறவில்லை. வரும் திங்கட்கிழமை, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டில் நிற்காவிட்டால் பெயரை வெட்டிவிடுவதாகத் தோட்டத்தில் சொல்லியாயிற்று. கட்டாரிலிருந்து திரும்பிய கணவன் ஜெரோஷன் சிவப்பு உறையைப் பிரித்தான்.

“நின்னு அடிச்சுப் பழகு புள்ள. பயம் விட்டுரும்.”

“குளவிய வாளால தட்டச் சொல்றீங்களா?”

“தட்ட வேணாம். ஓடாம நில்லு, போதும்.”

சிவப்பில் நாற்பத்தொரு தடவை ஓடினாள். நாற்பத்தொரு தடவையும் எதிரியின் ஈட்டி முதுகில். கறுப்பிலோ முதல் நாளே மூன்று கோட்டை பிடித்தாள்; விலகி ஓடுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. மறுநாள் அதை உறையில் போட்டு அலமாரிக்கு மேல் தள்ளிவிட்டாள்.

4

திங்கள். பெரட்டில் ராக்காயி பக்கத்தில் வந்து நின்றாள்.

“என்னாடி, வந்துட்டியா?”

“அக்கா, அன்னிக்கு நான்…”

“அத விடு. இந்தத் தடவ ஓடுனா என்னையும் இழுத்துக்கிட்டு ஓடு.”

டிலுக்ஷி சிரித்தாள். கூடைக் கயிற்றை மூன்று தடவை அவிழ்த்துக் கட்டினாள்.

பத்து மணிக்கு, அதே ஏழாம் நம்பரில், மரத்தின் மேலிருந்து ‘ம்ம்ம்’ என்று

5

முடிவு அ: அசையாமல் நிற்கிறாள். குளவிகள் கடந்து போகின்றன. (சிவப்பு. ஜெரோஷனுக்குப் பிடிக்கும்.)

முடிவு ஆ: ராக்காயியை முதுகில் சுமந்துகொண்டு தலவாக்கலை ஸ்டேஷன் வரை ஓடி, ரயிலையும் முந்துகிறாள். (என் பழைய புளுகுப் புத்தி. அடித்துவிட்டேன்.)

முடிவு இ: தனியாக

(இதை எழுதி, கிழித்து, அடுப்பில் போட்டேன். அப்படியும் காதுக்குள் ‘ம்ம்ம்’.)

இரண்டு ஆட்டத்திலும் செத்தவன் கல்விளக்கடியில் மறுபடி உயிரோடு எழுந்துகொள்கிறான். ஏழாம் நம்பரில் கல்விளக்கு இல்லை. நேற்று ஏறிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

டிலுக்ஷியின் ஒரு கை, இடுப்பில் கட்டிய படங்குத் துணியின் முடிச்சில் இருக்கிறது. அவிழ்த்தால் இரண்டு தலைக்கும் போர்த்தலாம். மறு கையை ராக்காயி பிடித்திருக்கிறாள். நிற்பதா, ஓடுவதா, நீங்களே சொல்லுங்கள். மெதுவாகச் சொல்லுங்கள். கூடு தலைக்கு மேலேதான் இருக்கிறது.