பன்னிரண்டு புள்ளி ஆறு

அர்வாவும் நானும் ஒரே நாளில்தான் அந்தக் கல்லூரியில் சேர்ந்தோம். துனிசியாவில், ஸ்ஃபாக்ஸ் துறைமுகத்துக்குப் பின்னால், பாஸ்பேட் தூசி படிந்த ஜன்னல்களோடு நிற்கும் சின்னக் கல்லூரி. இயற்பியலில் சேர்ந்தவர்களில் பாதிப் பேர்கூட மூன்றாம் வருடம் வரை வரவில்லை. வடிகட்டியவர் துறைத் தலைவர் ஷாபூனி. உஸ்தாத், அதாவது ஆசான், என்றுதான் அவரைக் கூப்பிடுவோம்.

அவருடைய தாளில் இருபதுக்குப் பத்து வாங்கியவன் அன்று கூட்டாளிகளுக்கெல்லாம் காபி வாங்கிக் கொடுப்பான். பன்னிரண்டு வாங்கியவனை அடுத்த வகுப்புக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். "பதினாறு போடணும்னா, எனக்குத் தெரியாதது ஏதாவது அதுல எழுதியிருக்கணும்" என்பார் உஸ்தாத். பெருமையாகத்தான் சொல்வார். நாங்களும் பெருமையாகத்தான் கேட்டுக்கொள்வோம். மற்ற ஆசிரியர்களும் அவரைப் பார்த்துக் கையைச் சுருக்கிக்கொண்டார்கள். தாராளமாகப் போட்டால் பாடம் தெரியாதவர் என்று பெயராகிவிடும் என்ற பயம்.

மூன்று வருடம் முடிந்தபோது அர்வாவின் சராசரி பன்னிரண்டு புள்ளி ஆறு. துறையில் முதலிடம். அவளுடைய அப்பா சுஹைல் ஸ்ஃபாக்ஸுக்கும் தலைநகர் தூனிஸுக்கும் வாடகை வேன் ஓட்டுபவர். அன்று வேனில் ஏறியவர்களுக்கெல்லாம் பக்லாவா இனிப்பு கொடுத்தாராம். யாரோ ஒரு கிழவர், "கல்யாணமா?" என்று கேட்டதற்கு, "அதைவிடப் பெருசு" என்றாராம்.

வட ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழகத்தில், சூரிய மின்தகடுகளைப் பற்றிய மேற்படிப்பு. அர்வா இரண்டாம் வருடத்திலிருந்தே அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். ஜெர்மன் படித்தாள், தேர்வு எழுதினாள், சான்றிதழ்களை மொழிபெயர்த்து முத்திரை வாங்கினாள். வசந்தத்தில் விண்ணப்பம் போனது. ஜூன் முதல் வாரத்தில் பதில் வந்தது.

நான் அப்போது அவள் வீட்டில் இருந்தேன். அவள் போனைப் பார்த்தாள். அப்புறம் என்னிடம் நீட்டினாள்.

"என்னடி போட்டிருக்கு? எனக்குச் சரியாப் புரியலைன்னு நினைக்கிறேன், நீ படி."

சரியாகத்தான் புரிந்திருந்தது. அவர்கள் ஊரில் ஒன்று என்றால் உச்சம், நான்கு என்றால் ஒட்டிக்கொண்டு தேறியது. வெளிநாட்டு மதிப்பெண்ணை அதற்கு மாற்ற ஒரு சூத்திரம் வைத்திருக்கிறார்கள். எங்கள் உச்சம் இருபது, தேற வேண்டியது பத்து, இவள் வாங்கியது பன்னிரண்டு புள்ளி ஆறு. போட்டால் மூன்று புள்ளி இரண்டு வருகிறது. அந்தப் படிப்புக்குக் குறைந்தது இரண்டரையாவது வேண்டும். வருந்துகிறோம்.

"இருபதை இங்க யாரு பார்த்திருக்கா?" என்றாள் அர்வா. கோபமாகக்கூட இல்லை. சந்தேகம் கேட்கிற மாதிரி கேட்டாள்.

அதையேதான் மரியாதையாக எழுதி அனுப்பினாள். சேர்க்கை அலுவலகத்திலிருந்து ஒரு பெண்மணி இரண்டே நாளில் பதில் போட்டார். நல்ல மனுஷி. இப்படிப்பட்ட விஷயம் அவர்களுக்குப் புதிதல்ல என்றும், கடந்த பத்து வருடத்தில் துறை உண்மையிலேயே கொடுத்த மிக உயர்ந்த சராசரி எது என்று கல்லூரி எழுதிக் கொடுத்தால், இருபதுக்குப் பதில் அதை வைத்துக் கணக்குப் போடுவோம் என்றும், ஜூலை நடுவுக்குள் வந்தால் போதும் என்றும் எழுதியிருந்தார்.

எங்கள் துறையின் உச்சம் பதிமூன்று புள்ளி இரண்டு. அது எல்லோருக்கும் தெரியும். உட்கார்ந்த இடத்திலேயே கணக்குப் போட்டோம். ஒன்றரைக்குச் சற்று மேலே வந்தது. நான் எழுந்து அவளைக் கட்டிக்கொண்டேன். ஒரு வரி, ஒரு கையெழுத்து, ஒரு முத்திரை. அவ்வளவுதான் தேவை.

மறுநாள் உஸ்தாதின் அறைக்கு இருவருமாகப் போனோம். அவர் அந்தக் கடிதத்தைக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பொறுமையாகப் படித்தார்.

"ஏம்மா அர்வா, இது என்ன கேக்கிறாங்கன்னு உனக்குப் புரியுதா?"

"உச்ச மார்க் எதுன்னு கேக்கிறாங்க, உஸ்தாத்."

"இல்லை. நம்ம இருபது பொய்னு என் கையால எழுதித் தரச் சொல்றாங்க. இங்க உச்சம் இருபது. யாரும் எட்டலைன்னா அது இருபதோட குத்தமா?"

"குத்தம்னு யாரும் சொல்லலை, உஸ்தாத். கணக்குக்கு ஒரு எண் வேணும், அவ்வளவுதான்."

"நான் பிரான்ஸ்ல படிக்கும்போது எந்தச் சீட்டையும் ஒட்டிக்கிட்டுப் போகலை. பன்னிரண்டுன்னு பார்த்தாங்க, மரியாதை கொடுத்தாங்க."

"அங்கயும் இதே இருபதுதானே, உஸ்தாத்? அவங்களுக்குப் பன்னிரண்டுன்னா என்னன்னு தெரியும். இவங்களுக்குத் தெரியாது."

அவர் சிரித்தார். "பார்த்தியா, இப்படிப் பேசறதுக்குத்தான் உனக்குப் பன்னிரண்டு போட்டேன்." பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "எதுக்கும்மா அங்க போய்க் குளிர்ல சாகணும்? இங்கயே இரு. மேற்படிப்பையும் ஆராய்ச்சியையும் என்கிட்டயே பண்ணு. ஆய்வுக்கூடத்துக்கு உன்ன மாதிரி ஒரு ஆள் இல்லாம நான் தவிக்கிறேன்."

அர்வாவின் முகம் அப்போதுதான் மாறியது. அதுவரை அவருக்குப் புரியவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

"உதவித்தொகை இருக்கா, உஸ்தாத்?"

"வரும். கொஞ்சம் பொறுத்தா வரும்."

கல்லூரி முதல்வரிடம் போனோம். துறைத் தலைவர் கையெழுத்து இல்லாமல் தன்னால் முடியாது, வேண்டுமானால் கல்விக் குழுவில் வைக்கிறேன் என்றார். குழு எப்போது கூடும் என்று கேட்டோம். விடுமுறை கழிந்து செப்டம்பரில். அர்வா அந்த ஜெர்மன் பெண்மணிக்கு எழுதினாள். கெடு ஒரு வாரம் தள்ளி வைக்கப்பட்டது, அதற்கு மேல் தன் கையில் இல்லை என்று அவர் உண்மையாகவே வருத்தப்பட்டு எழுதினார். அந்த ஒரு வாரமும் அர்வாவின் அப்பா சவாரியை விட்டுவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு துறை வாசலில் போய் நின்றார். உஸ்தாத் அவருக்குத் தேநீர் வரவழைத்துக் கொடுத்தார். "உங்க பொண்ணு ஒரு ரத்தினம்" என்றார். கையெழுத்து மட்டும் போடவில்லை.

ஆகஸ்டில் கைஸ் வந்தான். முதல் வருடம் எங்களோடு படித்து, தேர்விலும் மறுதேர்விலும் தவறி, தூனிஸில் ஒரு தனியார் கல்லூரியில் நேராக இரண்டாம் வருடத்தில் சேர்ந்துகொண்டவன். அங்கே அவனுக்குப் பதினாறரை. அதே பல்கலைக்கழகம், அதே படிப்பு, இடம் கிடைத்துவிட்டது. சொல்ல வந்தவன் கடற்கரையில் எங்களோடு உட்கார்ந்து மணலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் உன் நோட்டைப் பார்த்துதான் படிச்சேன், அர்வா. உனக்கே தெரியும்."

"தெரியும்டா."

"போகாம இருந்துடவா?"

"பைத்தியமா உனக்கு? போடா. நீ போகலைன்னா அந்த இடத்தை எனக்கா கொடுக்கப் போறாங்க?"

வேறு வழியில்லாமல் அர்வா உஸ்தாதிடமே சேர்ந்தாள். உதவித்தொகை வரவில்லை. கருவிகளைப் பழுது பார்த்தாள், முதல் வருடக்காரர்களுக்குச் செய்முறை நடத்தினாள், அவர் பெயரில் வெளியாகும் கட்டுரைகளுக்கு அட்டவணை தயாரித்தாள். குளிர்காலத் தேர்வு முடிந்ததும் அவர் ஒரு கட்டு விடைத்தாளை அவளிடம் திருத்தக் கொடுத்தார்.

அதில் ஒரு பெண்ணின் தாள். ஊர் பெயர் தெரியாத கிராமத்திலிருந்து வந்தவள், வகுப்பில் வாயே திறக்காதவள். ஒரு கணக்கைத் தவிர மற்றதெல்லாம் சரி. போட்ட வழியும் அழகு. அர்வா பதினேழு போட்டாள்.

அன்று மாலையே உஸ்தாத் கூப்பிட்டார். அப்புறம் நடந்ததை அவள்தான் எனக்குச் சொன்னாள்.

"இது என்ன?"

"பதினேழு, உஸ்தாத். கூட்டிப் பாருங்க."

"கூட்டிப் பார்த்தேன். அதுக்காக? முதல் வருஷத்துலயே பதினேழு போட்டா அந்தப் பொண்ணு தலைக்கனத்துல கெட்டுப் போயிடும். உன்னை நான் அப்படியா வளர்த்தேன்?"

"உங்களுக்கு என்னை எந்த அளவுக்குத் தெரியும், உஸ்தாத்? நான் நல்லாப் படிச்சேனா இல்லையா? ஒரு தடவை சொல்லுங்க."

"அது ஊருக்கே தெரியுமே."

"ஊருக்குத் தெரியும். தாள்ல இல்லை. வெளியில இருக்கறவன் தாளைத்தானே பார்ப்பான்?"

அவர் சிவப்புப் பேனாவை எடுத்து, அவள் கண் முன்னாலேயே பதினேழை அடித்துவிட்டுப் பதிமூன்று என்று எழுதினார். "தாராளமாவே போட்டிருக்கேன்" என்று தாளை அவள் பக்கம் தள்ளினார்.

அர்வா அதை எடுக்கவில்லை. ஆய்வுக்கூடச் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தாள். அழுதாளா என்று கேட்டேன். "அழலை. அந்தப் பொண்ணு நடையில நின்னுக்கிட்டிருந்தா. எனக்கு சலாம் சொன்னா. நான் அவ முகத்தைப் பார்க்காம வந்துட்டேன்" என்றாள். அதைச் சொல்லும்போதுதான் அழுதாள்.

இப்போது அவள் தூனிஸில், ஒரு பிரெஞ்சுக் காப்பீட்டுக் கம்பெனிக்காகத் தொலைபேசியில் பதில் சொல்லும் இடத்தில் இருக்கிறாள். அங்கே அவள் பெயர் ஆலிஸ். அரபுப் பெயர் கேட்டால் வாடிக்கையாளர்கள் போனை வைத்துவிடுகிறார்களாம். ஐந்து வருடம் ஆயிற்று. அவள் அப்பா இப்போதும் வேன் ஓட்டுகிறார். மகள் எங்கே இருக்கிறாள் என்று யாராவது கேட்டால், "தூனிஸ்ல" என்று மட்டும் சொல்கிறார். என்ன வேலை என்று அவர்களாகக் கேட்டால்தான் உண்டு.

போன மாதம் உஸ்தாத் ஓய்வு பெற்றார். நான் இங்கே பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்துவதால் என்னையும் அழைத்திருந்தார்கள். புதிய துறைத் தலைவர் இளைஞர். அந்த உச்ச மதிப்பெண் சான்றிதழை இப்போது கேட்டவர்களுக்கெல்லாம் அலுவலகத்திலேயே அச்சடித்துக் கொடுத்துவிடுகிறார்கள் என்று பக்கத்து நாற்காலிக்காரர் சொன்னார். கல்விக் குழுவெல்லாம் கூட வேண்டியிருக்கவில்லையாம்.

உஸ்தாத் எழுந்து பேசினார். முப்பது வருடத்தில் எத்தனையோ பேருக்குப் பாடம் சொல்லியிருக்கிறேன் என்றார். "அதுல ஒரே ஒருத்திதான் என்னைவிடக் கெட்டிக்காரி. அர்வா. துறைமுகத்துப் பக்கம் இருந்து வந்த பொண்ணு. எங்க இருந்தாலும் நல்லா இருக்கட்டும்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அவர் நடிக்கவில்லை. கூட்டம் கை தட்டியது. நான் கையை மடியிலேயே வைத்திருந்தேன். இனிப்புத் தட்டு என்னிடம் வந்தபோது வாங்காமல் அடுத்தவரிடம் தள்ளினேன்.

சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்து, இரவு அவளைக் கூப்பிட்டுச் சொன்னேன். மறுமுனையில் அவளுக்குப் பின்னால் பல பெண்கள் ஒரே நேரத்தில் பிரெஞ்சில் பேசிக்கொண்டிருப்பது கேட்டது.

"யாராவது கேட்டாங்களா," என்றாள் கடைசியில், "அவ இப்ப எங்க இருக்கான்னு?"

"இல்லைடி."

"சரி. எனக்கு லைன் வருது, வைக்கிறேன்."