மூன்றாவது விரல்

மாமா வாசலில் நின்றார். மணிக்கட்டில் நாய்க்கயிறு சுற்றியிருந்தது. கயிற்றின் முனையில் கழுத்துப்பட்டை தொங்கியது. பட்டைக்குள் நாய் இல்லை.

"கழண்டுடுச்சும்மா," என்றார். காலமெல்லாம் பஸ் ஓட்டி, சத்தம் போட்டே பழகிய குரல் அன்றைக்குக் காற்றுப் போன டயர் மாதிரி இருந்தது.

தைத்துக்கொண்டிருந்த திரைச்சீலையை மிஷினிலேயே விட்டுவிட்டு எழுந்து வந்து பட்டையைப் பிடித்துப் பார்த்தேன். நானே தைத்த பட்டைதான். நான்கு விரல் அகலம், உள்பக்கம் மெத்தென்ற துணி. வழக்கமாக மாட்டும் ஓட்டையைத் தாண்டி இரண்டு ஓட்டை தளர்த்தியிருந்தது.

"யாரு இதைத் தளர்த்துனது?"

"ரொம்ப இறுக்கமா இருந்துச்சும்மா. பாவம், வாயில்லா ஜீவன், மூச்சு முட்டுமேன்னு..."

எங்கள் நாயின் பெயர் குச்சி. வேட்டை நாய் இனம். இனத்தின் பெயரைச் சொன்னால் நாய் வளர்ப்பவர்களே "அப்படி ஒண்ணு இருக்கா?" என்பார்கள், அவ்வளவு அபூர்வம். மோப்பம் பிடித்து ஓடாது, கண்ணால் பார்த்து ஓடும். ஏதாவது அசைந்தால் போதும், கண் திறந்துகொள்ளும், காது அடைத்துக்கொள்ளும். அப்புறம் தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்காது. அதைவிடப் பெரிய வம்பு, அதன் தலை கழுத்தைவிடச் சிறியது. பட்டை கொஞ்சம் தளர்ந்திருந்தால் பின்னால் இரண்டடி வைத்து உருவிக்கொண்டு போய்விடும். பட்டைக்குள் இரண்டு விரல் நுழையலாம், மூன்றாவது நுழையக் கூடாது. கப்பல் வேலைக்குக் கிளம்பும் முன் மாமாவின் மகன், என் கணவர், எங்கள் இருவரையும் உட்காரவைத்து, விரலை விட்டுக் காட்டிவிட்டுத்தான் போனார். நான் கற்றுக்கொண்டேன். மாமா தலையாட்டினார்.

மாமாவின் கணக்கில் நான் அந்த நாயைப் பட்டினி போட்டுக் கழுத்தையும் நெரிக்கிறவள். விலா எலும்பு தெரிவது அதன் உடல்வாகு என்று எத்தனை முறை சொன்னாலும், "ஏதோ சொல்ற, கேட்டுக்கறேன்" என்கிற மாதிரி ஒரு பார்வை பார்ப்பார். வருகிறவர்கள் "இதுக்குச் சாப்பாடே போடறதில்லையா?" என்று கேட்டால் என்னைப் பார்ப்பார். நான் அடுக்களையில் இருக்கும்போது அவர் சட்டைப் பையிலிருந்து அதற்கு பிஸ்கட் போவது எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருந்தேன்.

"எந்தப் பக்கம் போச்சு?"

"பிளாஸ்டிக் பை ஒண்ணு பறந்துச்சு. அது பின்னாடியே மைதானத்துப் பக்கம்..."

மைதானத்துக்கு அந்தப் பக்கம் பெரிய ரோடு. லாரிகள் போகிற ரோடு. வேலிகூடக் கிடையாது.

செருப்பில்லாமல் ஓடினேன். மாமா வலது முழங்காலை இழுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தார். மைதானத்தில் குச்சி வட்டமடித்துக்கொண்டிருந்தது. நான்கு காலும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழும்பும் ஓட்டம். பார்க்க அழகாகத்தான் இருந்தது, அதுதான் இன்னும் பயமாக இருந்தது. அதன் பின்னால் தெருமுனை பேக்கரிக்காரர் ஸ்கூட்டரில் விரட்டிக்கொண்டிருந்தார். உதவி செய்கிறாராம். ஒவ்வொரு சுற்றிலும் வட்டம் பெரிதாகி, ரோட்டுப் பக்கமாக நகர்ந்தது.

"அண்ணே, துரத்தாதீங்க! வண்டிய நிறுத்துங்க!"

"இதோ புடிச்சிடறேம்மா, மாட்டிக்கிச்சு!"

"அண்ணே, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், நிறுத்துங்க!"

நிறுத்தினார், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. ஆனால் மாமா நிற்கவில்லை. "குச்சி, குச்சி" என்று கைகளை ஆட்டிக்கொண்டு அதை நோக்கி நொண்டி ஓடினார். குச்சி அவரை ஒரு முறை பார்த்தது. விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு ரோட்டை நோக்கித் திரும்பியது.

"ஓடாதீங்க மாமா! நீங்க ஓட ஓட அது ரோட்டுக்குப் போகுது! அதுக்கு எதாவது ஆச்சு, அது உங்களாலதான்!"

அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவரிடம் குரலை உயர்த்தியதில்லை. அவர் அடிபட்டவர் மாதிரி நின்றார்.

"படுங்க மாமா. அதைப் பாக்காம, குப்புறப் படுங்க."

என் கணவர் சொல்லிக்கொடுத்ததுதான். அவிழ்ந்து ஓடினால் துரத்தக் கூடாது, தரையில் படுத்துவிட வேண்டும், இவர்களுக்கு என்ன ஆயிற்று என்று அதுவே பார்க்க வரும். சொல்லிக்கொடுத்த அன்றைக்கு அவர் பூங்காவில் விழுந்து காட்டியபோது நான் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

விழுந்தேன். கல்லும் முள்ளும் கையில் குத்தின. கொஞ்ச தூரத்தில் மாமா ஒரு கையை ஊன்றி, முனகி, தரையில் சாய்வது கேட்டது. வருடக்கணக்காகத் தரையில் உட்காராத மனிதர். சோபாவிலிருந்து எழவே இரண்டு முறை முயல்வார்.

முகத்தை மண்ணில் வைத்துக்கொண்டேன். நிமிர்ந்து பார்க்கத் துடித்தது, பார்க்கவில்லை. கணவருக்கு என்ன பதில் சொல்வது என்ற பயம்கூட அப்போது இல்லை. குச்சியை அவர் கொண்டுவந்தபோது வேண்டவே வேண்டாம் என்று சண்டை போட்டவள் நான். தைக்கும்போது என் காலடியில், வெட்டிப்போட்ட துணிகள்மேல் கிடக்கும் அந்த நீள மூக்கு இல்லாமல் இனி அந்த அறையில் எப்படி உட்காருவேன்?

ரோட்டில் ஒரு ஹாரன் நீளமாக அலறியது. பிரேக் கிறீச்சிட்டது. பேக்கரிக்காரர் "ஐயையோ" என்றார்.

பற்களைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். லாரி மறுபடியும் கியர் மாற்றிக் கிளம்பும் சத்தம். பிறகு, தரையில் காதை வைத்திருந்ததால்தான் கேட்டது, லேசான காலடிகள். வந்தன. என் பக்கம் வந்து, என் தலைமுடியை ஒரு தடவை முகர்ந்துவிட்டு, என்னைத் தாண்டிப் போயின.

மெல்ல முகத்தைத் திருப்பினேன். குச்சி, ஒருக்களித்துக் கிடந்த மாமாவின் சட்டைப் பையில் மூக்கை நுழைத்துக்கொண்டிருந்தது. அந்த நேரத்திலும் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. தினமும் சாப்பாடு வைக்கிறவள் நான்.

மாமா அசையவில்லை. படுத்தபடியே, கயிறு சுற்றிய கையை மட்டும் அங்குலம் அங்குலமாகக் கொண்டுவந்து, கொக்கியைக் கழற்றிய பட்டையை அதன் கழுத்தைச் சுற்றிப் போட்டார்.

"எந்த ஓட்டைம்மா?" என்றார். உதடு மட்டும்தான் அசைந்தது.

"விரல விட்டுப் பாருங்க மாமா."

ஒரு விரல் போனது. இரண்டாவது போனது. ரோட்டோரத்தில் ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் பை காற்றில் எழும்பியது. குச்சியின் காதுகள் நிமிர்ந்தன. மாமா மூன்றாவது விரலை நுழைக்காமல் அதன் தொண்டையில், பட்டைக்கு வெளியே, வைத்திருந்தார். கொக்கி இன்னும் ஓட்டையைத் தேடிக்கொண்டிருந்தது.