மாடியறைச் சாவி

நேபாளத்து லலித்பூரில் எங்கள் எதிர்வீட்டு மாடியறையில் அவர்கள் குலதெய்வம் இருக்கிறது. தீட்சை வாங்கிய குடும்பத்தார் தவிர யாரும் பார்க்கக் கூடாது. வாழ்க்கைப்பட்டு வந்த நாள் முதல் எட்டிப் பார்த்துத் தோற்றவள் நான்.

முட்டிவலியால் மாடியேற முடியாத அந்த வீட்டுப் பெரியவர் அஷ்டமான், பூஜைக்காகச் சாவியைத் தம்பி தேஜனிடம் நம்பிக் கொடுத்திருந்தார். ஒரு காலத்தில் தலைநகரமாக இருந்த எங்கள் ஊரைச் சுற்றுலா வரும் வெள்ளைக்காரர்களுக்குச் சுற்றிக்காட்டுவதுதான் தேஜனின் பிழைப்பு. நேற்று அரண்மனை, கோயில் எல்லாம் காட்டி முடித்தவன், வெள்ளைக்காரர்களை நேரே அந்த அறைக்கே கூட்டிப்போனான். என் ஜன்னலை நான் சாத்தவில்லை.

பேச்சுச் சத்தம் கேட்டு அஷ்டமான் தவழ்ந்தே படியேறிவிட்டார்.

"அண்ணா, ஒரே நிமிஷந்தான்..."

"சாவியக் குடுடா. நீ செத்தா பங்காளிங்க யாரும் தோள் குடுக்க மாட்டோம். இவங்களையே தூக்கச் சொல்லு!"

சொல்லிவிட்டு அவரே அழுதார். வெள்ளைக்காரர்கள் அதையும் சுற்றுலாவில் சேர்த்தி என்று நினைத்துக் கைதட்டினார்கள்.