சுத்தமான டப்பா

தையல்காரி ரிப்போர்ட் வாங்க வந்தபோது நான் நல்ல மனநிலையில் இருந்தேன். பதினோரு வருஷமாக ஆஸ்பத்திரி லேபில் மலப் பரிசோதனை மேஜையில் உட்கார்ந்திருப்பவளுக்கு நல்ல செய்தி சொல்லக் கிடைப்பதே அபூர்வம். அவளுடைய இரண்டு வயது மகளுக்கு ஒரு வாரமாக வயிற்றுப்போக்கு. 'நோய்க்கிருமி எதுவும் வளரவில்லை' என்று அச்சடித்துக் கையெழுத்தும் போட்டு வைத்திருந்தேன்.

என் வாய் கொஞ்சம் நீளம். டப்பா வழிந்தாலோ, மூடி சரியாக இல்லாவிட்டாலோ வரிசையில் எல்லோர் முன்னாலும் கிழி கிழியென்று கிழித்துவிடுவேன். தையல்காரியும் மூத்தவனுக்காக வந்தபோது என்னிடம் ஒரு முறை வாங்கிக் கட்டிக்கொண்டவள்தான். இந்தத் தடவை அவள் கொண்டுவந்த டப்பா பளிச்சென்று இருந்தது. உள்ளே கோலிக்குண்டு அளவுக்கு, கொஞ்சம் கெட்டியாகவே. பேதிக்காரக் குழந்தைக்கு இது எப்படி என்று அப்போதே நான் கேட்டிருக்க வேண்டும். கேட்காமல், "பாருங்க, இப்படித்தான் கொண்டுவரணும்" என்று அவளை மற்றவர்களுக்குக் காட்டினேன்.

"கிருமி ஒண்ணும் இல்லம்மா. நிம்மதியாப் போ."

"பேதியும் நின்னுடுச்சுக்கா." தோளில் கிடந்த குழந்தையைத் தட்டிக்கொடுத்தாள். "நீங்க திட்டுவீங்கன்னு பயந்து, நல்ல இடமாப் பார்த்து எடுத்துட்டு வந்தேன்ல."

"நல்ல இடம்னா?"

"சளியும் ரத்தமுமா ஒரே அசிங்கம். அதெல்லாம் ஒதுக்கிட்டுத்தான்..."

எங்களுக்கு வேண்டியதே அவள் ஒதுக்கியதுதான். கிருமி இருந்தால் அதில்தான் அதிகம் இருக்கும். ரத்தம் என்று டாக்டர் சீட்டில் இருந்திருந்தால் ரத்தப்பேதிக் கிருமிக்கான தனித் தட்டிலும் வளர்த்துப் பார்த்திருப்பேன்.

"ரத்தம்னு டாக்டர்கிட்டச் சொல்லலையா?"

"பார்த்தப்ப இல்லக்கா. மறுநாள்தான் வந்துச்சு. அதான் இப்ப நின்னுடுச்சே!"

ரத்தப்பேதியில் ஒரு கிருமி உண்டு. பேதி அடங்கி, வீட்டில் எல்லோரும் மூச்சுவிடும் நேரத்தில்தான் சிறுநீரகத்தைப் பிடிக்கும். குழந்தையின் முகத்தைத் திருப்பிப் பார்த்தேன். உதடு வெளிறியிருந்தது. இமைகள் உப்பியிருந்தன.

"தூங்கித் தூங்கி ஊதிட்டா" என்று சிரித்தாள்.

"ஒண்ணுக்கு எப்பப் போனா?"

யோசித்தாள். "நேத்து மத்தியானம் இருக்கும். ராத்திரி டயப்பர் நனையவே இல்ல. ஒண்ணு மிச்சம்னு இவங்கப்பா கூடச் சொன்னாரு."

குழந்தையை வாங்கிக்கொண்டு மாடியிலிருந்த டாக்டரிடம் ஓடினேன். என் வாய்க்குப் பயந்துதானே செய்தாள் என்று ஒவ்வொரு படியிலும் தோன்றியது. நான் மூச்சு வாங்கச் சொன்னதைக் கேட்ட டாக்டர், குழந்தையின் இமையை விலக்கிப் பார்த்தார். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, "உடனே வண்டி அனுப்புங்க" என்றார். நர்ஸ் குழந்தையின் தொடைகளுக்கு நடுவே சிறுநீர் பிடிக்கும் பிளாஸ்டிக் பையை ஒட்டினாள்.

பின்னாலேயே ஓடிவந்த தையல்காரிக்கு அப்போதுதான் ஏதோ புரிந்தது. கட்டிலருகே குனிந்து, குழந்தையின் காதோரம் "உஸ்ஸ்... உஸ்ஸ்..." என்று ஒலி எழுப்பினாள். கொஞ்ச நேரத்தில் நானும் சேர்ந்துகொண்டேன். இருவரும் மாறி மாறி "உஸ்ஸ்" என்று சொல்லிக்கொண்டே இருந்தோம். பையின் இரண்டு பக்கங்களும் ஒன்றோடொன்று ஒட்டியபடி கிடந்தன.