நான்காவது பீட்டின் காலியிடம்

எங்கள் ரயில்வே இன்ஸ்டிட்யூட் பேண்டின் தாளத்தில் நான்காவதாக விழும் பீட், ஐம்பத்தெட்டு வயது முடிந்து, ஒரு மார்ச் மாதக் கடைசி நாளில் ஓய்வு பெற்றது. மாலை போட்டு, சால்வை போர்த்தி, சுவர்க் கடிகாரம் ஒன்றைக் கையில் கொடுத்து போத்தனூர் வண்டியில் ஏற்றிவிட்டோம். ஒன், டூ, த்ரீ மூவருக்கும் இன்னும் சர்வீஸ் இருந்தது.

அப்போது நான்தான் டிரம்மர். பகலில் ஒர்க்‌ஷாப்பில் ரிவெட் அடிப்பேன். சனிக்கிழமை மாலை நான்கு மணிக்குப் பதினேழு பேர் கொண்ட பேண்டின் கடைசி வரிசையில் உட்கார்ந்து ஜாஸ் வாசிப்பேன். முன்னால் ஐந்து சாக்ஸபோன், நடுவில் டிராம்போன், டிரம்பெட். ஏழு வருடம் பதினாறு பேரின் முதுகைப் பார்த்துக்கொண்டே வாசித்தேன். அந்த முதுகுகளின் இடைவெளியில் மேபல் ஆடுவது தெரியும். அவள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தாள். அவளோடு ஒரு பாட்டாவது ஆட வேண்டும் என்பது என் ஆசை. ஆனால் டிரம்மர் எழுந்துபோனால் ஆட்டமே நின்றுவிடும். எனவே அவள் டிக்கெட் பரிசோதகர் ஆஸ்வால்டோடு ஆடினாள், அவர்களை நான் ஆடவைத்தேன். வயிறு எரிந்தது, தாளம் மட்டும் பிசகவில்லை.

அடுத்த சனிக்கிழமை பேண்ட் மாஸ்டர் டிக்ரூஸ் வழக்கம்போல் கையை உயர்த்தினார். ஒன், டூ, த்ரீ வந்தன. இருபத்திரண்டு ஜோடிகளும் நான்காவதற்காக இடது காலைத் தூக்கினார்கள். அது வரவில்லை. நான் மிதியை அழுத்தியும் ஹை-ஹாட்டின் ஜோடித் தட்டு பாதி திறந்தபடியே நின்றது. பீட் வராமல் காலைத் தரையில் வைப்பது எங்கள் காலனியில் அநாகரிகம். அதனால் யாரும் வைக்கவில்லை. மேபலின் கை ஆஸ்வால்டின் தோளில் இருந்தது. அவன் கை அவள் இடுப்பில் இருந்தது.

"மேலிடத்துக்கு எழுதியாச்சுப்பா," என்றார் டிக்ரூஸ். "சாங்ஷன் வரட்டும்."

"அது வரைக்கும்?"

"வால்ட்ஸ் வாசிப்போம். அதுக்கு மூணு பீட் போதும்."

புதிதாக வந்தவர்கள் வால்ட்ஸ் ஆடினார்கள். ஏற்கெனவே நின்றவர்கள் நாலு பீட் ஆட்டத்தில் தொடங்கியவர்கள் என்பதால் அவர்களுக்கு அது பயன்படவில்லை. நின்றவர்களுக்கு வீட்டிலிருந்து டிபன் கேரியரில் சாப்பாடு வந்தது. நான் தினமும் ஷிப்ட் முடிந்ததும் மேபலுக்குக் கட்லெட்டும் டீயும் வாங்கிக்கொண்டு போவேன்.

"சவரி, காலு மரத்துப்போச்சு," என்றாள் மேபல். "எப்பதான் வரும் அது?"

"நான் கொண்டுவரேன்."

"சீக்கிரம் கொண்டா. இவரு சீட்டி அடிச்சிக்கிட்டே இருக்காரு."

ஆஸ்வால்டுக்கு அவசரம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. தலைக்கு க்ரீம் தடவி வாரிக்கொள்ள அவனுக்கு ஒரு கை போதும்.

நான் போத்தனூருக்குப் போனேன். நான்காவது பீட் பால் பூத் வரிசையில் முதல் ஆளாக நின்றுகொண்டிருந்தது. விஷயத்தைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டது.

"முப்பத்தஞ்சு வருஷம் மூணு பேருக்குப் பின்னாடி நின்னுட்டேன், தம்பி. இப்பதான் எங்க போனாலும் மொத ஆளா நிக்கறேன். இதை விட்டுட்டு வரச் சொல்றியா?"

அதன் முகத்தைப் பார்த்தபின் வற்புறுத்த மனம் வரவில்லை. பாலை வாங்கிக்கொண்டு அது வீட்டுக்குப் போனது. நான் அடுத்த வண்டியில் திரும்பினேன். ஜோலார்பேட்டை தாண்டும்போது முடிவு செய்துவிட்டேன், அந்த வேலைக்கு நானே மனுப் போடுவதென்று.

இலாகா பரீட்சை பதினோரு வாரம் கழித்து நடந்தது. மூன்றாவது பீட்டுக்கும் அடுத்த சுற்றின் முதல் பீட்டுக்கும் நடுவில், முந்தாமல் பிந்தாமல், சரியாக விழ வேண்டும். நான் தினமும் ஒர்க்‌ஷாப்பில் ரிவெட் பெட்டிமேல் ஏறி விழுந்து பழகினேன். முழங்கால் இரண்டும் வீங்கின. ஃபோர்மேன் இரும்புத் தரையில் ஒரு சாக்கை விரித்துவிட்டுப் போனார். பரீட்சையில் என்னோடு இன்னும் இருவர் இருந்தார்கள். ஒருவர் அவசரப்பட்டு மூன்றாவதின்மேலேயே விழுந்தார். மற்றவர் விழும்முன் எல்லோரிடமும் அனுமதி கேட்டார். வேலை எனக்குக் கிடைத்தது.

பதின்மூன்றாவது சனிக்கிழமை டிரம்ஸில் என் இடத்தில் பெஞ்சமின் என்ற சின்னப் பையன் உட்கார்ந்தான். ஒன், டூ, த்ரீ வந்தன. நான் விழுந்தேன். இருபத்திரண்டு ஜோடிகளின் கால்களும் தரையைத் தொட்டன. மேபல் ஆஸ்வால்டின் தோளிலிருந்து கையை எடுத்து, கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு, "வா சவரி, வீட்டுக்குப் போலாம்," என்றாள். அடுத்த மாதமே எங்கள் கல்யாணம் நடந்தது.

இருபத்தொன்பது வருடம் நான்காவது பீட்டாக வேலை பார்த்தேன். ஒரு நாள்கூட லீவு எடுக்கவில்லை. ஹாலில் எத்தனை கால் இறங்குகிறதோ அத்தனை காலுக்கும் கீழே நான்தான் இருந்தேன். கூர்மையான ஹீல்ஸ், லாடம் அடித்த பூட்ஸ், எல்லாம் பழகிவிட்டது. மேபலின் இடது கால் எது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ஆனால் அவளோடு ஆட முடியவில்லை. ஒரே நேரத்தில் காலுக்குக் கீழேயும் கைக்குள்ளேயும் இருக்க எனக்குத் தெரியவில்லை. அவள் ஆஸ்வால்டோடு ஆடினாள். அவன் கால்களையும் நான்தான் தாங்கினேன். இதைச் சொல்லும்போது இப்போதும் எனக்குக் கோபம் வருகிறது.

ஐம்பத்தெட்டு முடிந்தது. மாலை, சால்வை, சுவர்க் கடிகாரம். மறுநாள் சனிக்கிழமை. நல்ல சட்டை போட்டுக்கொண்டு மேபலோடு ஹாலுக்குப் போனேன். மற்றவர்கள் முன் அனுபவத்தால் நாற்காலிகளில் பத்திரமாக உட்கார்ந்திருந்தார்கள்.

"அங்கிள், போஸ்ட் காலியா இருக்கு, தெரியும்ல?" என்றான் பெஞ்சமின்.

"தெரியும். நீ வாசி."

மேபல் என் தோளில் கையை வைத்தாள். முப்பத்தாறு வருடம் காத்திருந்த கையை நான் அவள் இடுப்பில் வைத்தேன். ஒன், டூ, த்ரீ வந்தன. நாங்கள் இடது காலைத் தூக்கினோம்.

அப்படியே ஐந்து மாதம் நின்றோம். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை. ஒரு தடவை மேபலுக்கு ஜலதோஷம் பிடித்தது, அவ்வளவுதான்.

ஆஸ்வால்ட் என்னைவிட இரண்டு வயது இளையவன். போன வாரம் அவன் பரீட்சையில் பாஸாகிவிட்டான் என்று தகவல் வந்தது. இன்று மாலை நாலுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது, நியமன உத்தரவைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தான். தலையை வாரியிருந்தான். எங்களைப் பார்த்துச் சிரித்தான்.

"கரெக்டா விழுவானா?" என்று மேபல் என் காதில் கேட்டாள்.

"விழுவான். நல்லாப் பழகியிருக்கான். நாம காலை எறக்கிட வேண்டியதுதான்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு வலது காலையும் தூக்கிக்கொண்டாள். நானும் தூக்கிக்கொண்டேன்.

நான்கு மணிக்கு ஆஸ்வால்ட் மிகச் சரியான இடத்தில் விழுந்தான். ஹை-ஹாட் மூடியது. எங்கள் கால்கள் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருந்தன. பெஞ்சமின் குச்சியை நிறுத்தப் பார்த்தான். தொடர்ந்து வாசிக்கச் சொன்னேன்.